தூக்குச்சட்டியில் ஒரு நேபுகாத்நேச்சார்

“இந்த மாட்டை வரைஞ்சது யாரு?”

மூன்று வாரம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் பிரஸ் வாசலில் நின்று ஒருவர் இப்படிக் கேட்டார். கையில் தூக்குச்சட்டி. கண் இரண்டும் சிவந்திருந்தன. உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஆப்செட் மெஷின் சத்தத்தையும் தாண்டி அவர் குரல் கேட்டது.

எழுந்து போனேன். “அது மாடு இல்லீங்க... ராஜா. வரைஞ்சது நான்தான்” என்றேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லேபிள் டிசைன் செய்கிறேன். மிச்ச நேரத்தில் உங்களிடம் வம்பளக்கிறேன். இரண்டு வேலையிலும் எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று எங்கள் முதலாளி அண்ணாச்சி சொல்வார். அவர் சொல்வது சரிதான். அதற்காக வாயைக் கழற்றியா வைக்க முடியும்?

வந்தவர் பெயர் கருப்பசாமி. எங்கள் பிரஸ்ஸில் லேபிள்களை வெட்டி, எண்ணி, கட்டுப் போடும் முத்துமாரியின் கணவர். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிறார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்... இங்கே மருந்து என்றால் வெடிமருந்து. ஒரு சின்ன அறை. தரையில் உட்கார்ந்து, சலித்து, கையால் கலக்க வேண்டும். கை பதறினால் போச்சு. அவர் மட்டும் போகமாட்டார், பக்கத்தில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டுதான் போவார்.

அந்தக் கருப்பசாமியின் தூக்குச்சட்டியில் ஒரு பெரிய ஸ்டிக்கர் லேபிள் ஒட்டியிருந்தது. அதில் ஒரு ராஜா நான்கு காலில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தார்.

ராஜா எப்படிப் புல் மேயப் போனார், மேய்ந்த ராஜா எப்படித் தூக்குச்சட்டிக்கு வந்தார்... முதலில் அந்தக் கதை.

பொங்கல் கழிந்து, காலண்டர் சீசன் முடிந்து, மெஷின்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணாச்சிக்கு ஓர் ஆர்டர் வந்தது. வடக்கே ஏதோ ஒயின் கம்பெனி. பெரிய ஹோட்டல்களில் அழகுக்கு வைப்பதற்காக ராட்சத பாட்டில்கள் தயாரிக்கிறார்களாம். அவற்றுக்கு ஸ்டிக்கர் லேபிள் வேண்டும். சென்னையிலிருந்து அவர்களுடைய ஏஜென்ட் போன் செய்து, பாட்டில் அளவையும் பெயரையும் மட்டும் சொன்னார். பெயர்களைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது.

நம் ஊர்ச் சரவெடிக்கு என்ன பெயர்? நூறு வாலா, ஆயிரம் வாலா, பத்தாயிரம் வாலா. எண்ணிக்கைதான் பெயர். எண்ணத் தெரிந்தால் போதும். வெள்ளைக்காரன் அப்படி இல்லை. சாதாரண ஒயின் பாட்டில் முக்கால் லிட்டர். அதைத் தாண்டிப் பெரிதாகிக்கொண்டே போனால், வேதப் புத்தகமான பைபிளில் வரும் ராஜாக்களை ஒவ்வொருவராகப் பிடித்து பாட்டிலுக்குப் பெயர் வைத்திருக்கிறான்! மூன்று லிட்டருக்கு யெரொபெயாம். நாலரைக்கு ரெகொபெயாம். ஆறுக்கு மெத்தூசலா. அப்புறம் சல்மனாசார், பெல்ஷாத்சார்... பதினைந்து லிட்டர் பாட்டிலுக்கு நேபுகாத்நேச்சார். அந்தப் பாட்டிலைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லவே எனக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

சரி, பெயர் வந்துவிட்டது. படம்?

இங்கேதான் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சிவகாசியில் பெயர் என்னவோ அதுதான் படம். குருவி வெடி என்றால் லேபிளில் குருவி இருக்கும். யானை என்றால் யானை. எங்கள் சரக்கு எந்தெந்த மாநிலத்துக்கோ போகிறது. வாங்குகிறவருக்கு நம் எழுத்தும் தெரியாது, நம் பேச்சும் தெரியாது. கடையில் கை நீட்டி ‘அந்தக் குருவி’ என்று காட்டி வாங்குவார். உள்ளே இருப்பதை வெளியே படம் சொல்லிவிட வேண்டும். பெயர் மட்டும் இருந்து படம் இல்லாத லேபிளை நான் கொண்டுபோய்க் கொடுத்தால், ‘மிச்சத்தை எங்கம்மா?’ என்றுதான் அண்ணாச்சி கேட்பார்.

ஆகவே ராஜாக்களைத் தேடிக் கிளம்பினேன். அடுத்த தெரு மெர்சி டீச்சர் தன் வேதப் புத்தகத்தை எடுத்துவந்து, பெயர் பெயராகத் தேடிக் கொடுத்தார். தேடத் தேட அவர் முகம் சுருங்கியது. “ஏன்டி, இதுல ஒரு நல்ல ராஜா கூட இல்லையே!” என்றார்.

உண்மைதான். யெரொபெயாம், பொன்னால் கன்றுக்குட்டி செய்து வைத்துக் கும்பிடச் சொன்னவர். ரெகொபெயாம், வரியைக் குறையுங்கள் என்று வந்த ஜனங்களிடம் ‘தேளால் அடிப்பேன்’ என்று மிரட்டி, பாதிக்கு மேல் ராஜ்ஜியத்தைத் தொலைத்தவர். மெத்தூசலா ராஜாவே இல்லை, ரொம்ப வருஷம் உயிரோடு இருந்த கிழவர்... இந்தக் கூட்டத்தில் எப்படி வந்து மாட்டினாரோ! சல்மனாசார் படையெடுத்து ஊரைப் பிடித்தவர். பெல்ஷாத்சார், கோயில் பாத்திரங்களில் ஒயின் ஊற்றிக் குடித்து, அன்று ராத்திரியே செத்தவர். கடைசியாக நம் பதினைந்து லிட்டர் நேபுகாத்நேச்சார். பெரிய சக்கரவர்த்தி. ஆணவம் தலைக்கேறி, புத்தி பேதலித்து, காட்டில் மாட்டோடு மாடாகப் புல் மேய்ந்தாராம்.

இவ்வளவு நல்ல விஷயம் கையில் கிடைத்தால் நான் விடுவேனா?

வரைந்தேன். நம் ஊர்க் காலண்டர் ராஜாவுக்கு உள்ள அத்தனை லட்சணமும் வைத்தேன். முறுக்கு மீசை, காதில் குண்டலம், பட்டுச் சால்வை. யெரொபெயாமுக்குப் பக்கத்தில் தங்கக் கன்றுக்குட்டி. ரெகொபெயாம் கையில் தேள். நேபுகாத்நேச்சாருக்கு மட்டும் தனிக் கவனம். கிரீடம் சரிந்திருக்க, சால்வை மண்ணில் புரள, வாய் நிறையப் புல். அந்தப் புல்லை வைப்பாற்றங்கரையில் பார்த்து வரைந்தேன். பாட்டில் பெரிதாகப் பெரிதாக லேபிளும் பெரிது. யெரொபெயாம் உள்ளங்கை அளவு. நேபுகாத்நேச்சாரை விரித்தால் முழங்கை நீளம்.

ஏஜென்ட் போனில் கேட்டதெல்லாம், “பேரு ஸ்பெல்லிங் கரெக்டா இருக்கா?” என்பதுதான். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். “ஓகே மேடம், போட்டுடுங்க” என்றார். போட்டோம். ஒரு பார்சல் போனது.

மறுநாளே போன் வந்தது. அண்ணாச்சி ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தார். அப்படியும் எனக்குக் கேட்டது.

“எங்க கஸ்டமர் ஃபைவ் ஸ்டார் ஹோட்டல் சார்! அங்க ஒரு ராஜா நாலு காலில் நின்னு புல்லு மேயறாரா? வர்றவங்க என்ன நினைப்பாங்க? இதைக் குடிச்சா மாடா ஆயிடுவோம்னா?”

ரிசீவரை நான் வாங்கினேன். “சார், அவர் மேய்ஞ்சாருன்னு வேதத்திலேயே இருக்கு. பேரு வச்சது நீங்க. நான் படம்தான் போட்டேன்” என்றேன்.

அண்ணாச்சி பிடுங்கிக்கொண்டார். “ஏம்மா... செத்த சும்மா இரும்மா!”

ஏஜென்ட் மூன்று விஷயம் கேட்டார். வெறும் வெள்ளை லேபிளில் பெயர் மட்டும் போட்டுப் புதிதாக அடித்துத் தர வேண்டும். பழைய லேபிள் ஒன்றுகூட வெளியே போகாமல் அழிக்க வேண்டும். வரைந்தவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வெள்ளை லேபிள்தானே, அரை மணி நேர வேலை, செய்து கொடுத்தேன். மன்னிப்பு? எதற்கு? ஒரு ராஜாவின் பெயரை பாட்டிலுக்கு வைப்பதற்கு முன்னால் அவர் யார் என்று பார்க்காதது யார் குற்றம்? மாட்டேன் என்றேன். அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். பிறகு, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தபடியே, “அவுக ஊருல இல்ல சார்... வந்ததும் பேசச் சொல்லுதேன்” என்று போனை வைத்தார். நான் இன்னும் ஊருக்கு வரவில்லை என்றுதான் ஏஜென்ட் நினைத்துக்கொண்டிருப்பார்.

மிச்சமிருந்த ராஜாக்கள் கட்டிங் மெஷின் பக்கம் போனார்கள்... துண்டு துண்டாக வெட்டுவதற்கு. அங்கேதான் முத்துமாரி இருந்தாள்.

மேலே இருந்த நேபுகாத்நேச்சாரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அக்கா, இந்த ராசாவுக்கு என்ன கேடு?” என்றாள். கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றுவிட்டது. லேபிளை விரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இது எங்க வீட்டுக்காரு அக்கா.”

சனிக்கிழமை கூலி வாங்கினால் கருப்பசாமி நேராக மதுக்கடைக்குப் போவார். ஞாயிறும் ஓடும். ஒரு தடவை ஓடைக்கரையில், புல்லுக்குள் முகம் புதைத்துக் கிடந்தவரை முத்துமாரிதான் தூக்கிவந்திருக்கிறாள். அதுகூட அவளுக்குப் பெரிதில்லை. அவள் பயம் திங்கட்கிழமையைப் பற்றியது.

“குடிச்சா வீட்டோட கெடக்கட்டும்னு விட்டுருவேன். திங்கக்கிழம வெள்ளன எந்திருச்சு, குளிச்சு, திருநீத்துப் பட்டையப் போட்டுக்கிட்டு மருந்து ரூமுக்குப் போயிருதாரே... காப்பி டம்ளர் கையில நிக்க மாட்டேங்கு அக்கா. தளும்புது. அந்தக் கையோட போயி மருந்தச் சலிக்காரு. பஸ்ஸு திரும்பி வார வரைக்கும் எனக்கு உசுரு இல்ல.”

“போர்மேன் பாக்கமாட்டாரா?”

“பாக்கு போட்டுக்கிட்டுப் போறாரு. வாசம் வராது. எல்லா ஆம்பளைகளும் அப்படித்தான். எவன் எம்புட்டுக் குடிச்சான்னு அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டுல இருக்க எங்களுக்குல்ல தெரியும்!”

“நீ போய்ச் சொல்லிடேன்.”

“நானும் அந்நேரத்துக்கு இங்கன வேலைக்கு வரணும்ல? அவரு முன்னால சொன்னா ரோட்டுல நின்னு சண்டை. இருக்கங்குடி மாரியாத்தாகிட்ட ரெண்டு ஆடிக்குச் சொல்லிட்டேன். அவளுக்கும் நம்ம ஊரு மாதிரி சீசன் போல... ஒரே கூட்டம், காதுல விழலை.”

சொல்லிவிட்டு அந்த லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். “அக்கா, இதை வெட்டாம எனக்குத் தாரீகளா?”

‘ஒன்றுகூட வெளியே போகக் கூடாது’ என்று ஏஜென்ட் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நினைவிருந்ததால்தான் ஒரு கட்டையே எடுத்துக் கொடுத்தேன்.

அவள் செய்த வேலையை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பட்டாசு ஆலை கேட்டில் யாரும் சும்மா உள்ளே போய்விட முடியாது. தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தூக்குச்சட்டியைப் போர்மேனிடம் திறந்து காட்ட வேண்டும். முத்துமாரி ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, ஆலை போர்மேனை அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தாள்.

“அண்ணே, எங்க வீட்டுக்காரு தூக்குச்சட்டியில இந்த ராசா இருந்தாருன்னா அன்னிக்கு அவரை மருந்து ரூமுக்குள்ள விடாதீக. திருப்பி அனுப்புவீகளோ, வெட்டவெளியில பெட்டி தூக்க விடுவீகளோ, உங்க இஷ்டம். ராசா இல்லேன்னா தாராளமா விடுங்க.”

போர்மேன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம். “ஏம்மா, கட்டுன புருசனுக்கு இப்படிப் பண்ணலாமா? கூலி கொறையும் பாத்துக்க” என்றிருக்கிறார்.

“கொறையட்டும். அந்த ரூமுக்கு அடுத்த ரூமுலதான நீங்க இருக்கீக?” என்று கேட்டிருக்கிறாள். உடனே அவர் லேபிளை வாங்கி ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டாராம்.

அடுத்த திங்கட்கிழமை தூக்குச்சட்டியில் நேபுகாத்நேச்சார் ஏறினார்.

கருப்பசாமிக்கு என்ன தெரியும்? பிரஸ்ஸில் வேலை பார்க்கிற மனைவி ஒரு ராஜா படம் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறாள். ராஜா குனிந்து சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டாராம்! அன்று மருந்து அறை இல்லை, பெட்டி தூக்கும் வேலை. ஆள் குறைவு போல என்று தூக்கினார். செவ்வாய்க்கிழமை பார்த்தால் லேபிள் இல்லை, ‘ஆற்றில் நனைந்து உரிந்துவிட்டது’ என்று சொல்லிவிட்டாள். உண்மையில் மண்ணெண்ணெய் தொட்டு உரித்தவள் அவளேதான்.

விஷயம் கசிந்தது. ஆண்களிடம் இல்லை, பெண்களிடம். எங்கள் பிரஸ்ஸுக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஆள் வரத் தொடங்கியது. தீப்பெட்டி ஆலைக்குப் போகிறவர்கள், சரம் பின்னுகிறவர்கள். யாரும் உள்ளே வரமாட்டார்கள். சன்னல் ஓரமாக நின்று, “அக்கா, எங்களுக்கும் ஒரு ராசா குடுங்க” என்பார்கள்.

வெட்டாமல் ஒதுக்கியிருந்த மற்றக் கட்டுகளைப் பிரித்து வைத்தேன். அப்போதுதான் ஒரு பெண் கேட்டாள், “எங்க வீட்டுக்காரரு அம்புட்டுக் குடிகாரரு இல்லக்கா. இதைவிடச் சின்ன ராசா இருந்தா குடுங்களேன்.”

இல்லாமலா? யெரொபெயாம் இருக்கிறாரே!

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. கொஞ்சமாகக் குடித்தால் யெரொபெயாம், கன்றுக்குட்டி படம். தள்ளாடினால் தேள் வைத்திருக்கிற ரெகொபெயாம். வாசலில் விழுந்தால் கிழவர் மெத்தூசலா. இன்ன ராஜாவுக்கு இன்ன வேலை என்று போர்மேனும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். சின்ன ராஜா என்றால் பெட்டி ஒட்டலாம். பெரிய ராஜா என்றால் வீட்டுக்குப் போகலாம். எந்த ராஜாவாக இருந்தாலும் மருந்து அறைக்குள் கிடையாது. வெள்ளைக்காரன் தன் பாட்டிலை அளக்கச் செய்த ஏற்பாடு, எங்கள் ஊரில் ஆளை அளக்க உதவியது. அவனைவிட எங்கள் பெண்கள் அதைச் சரியாகப் பயன்படுத்தினார்கள் என்பேன்.

சிலர் இப்போது முகம் சுளித்திருப்பீர்கள். குடி ஒரு நோய், நோயாளியை இப்படி ஊரறிய அவமானப்படுத்தலாமா என்று எனக்கு எழுதப் பேனாவை எடுத்திருப்பீர்கள். வையுங்கள், சொல்கிறேன். நோய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெடிமருந்துக்கு நோயாளி என்று தெரியாது. ஐயோ பாவம் என்று அது தள்ளி வெடிக்காது. வெடித்த மறுநாள் எல்லோரும் வருவீர்கள். மாலை கொண்டுவருவீர்கள், கேமரா கொண்டுவருவீர்கள். அதற்கு முந்தின நாள் ஒரு மனைவி என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொடுத்தீர்களா? தெருவுக்குத் தெரு கடையைத் திறந்து வைத்தபோது அவமானம் பற்றி யாரும் பேசவில்லை. அவள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியதும் நாகரிகம் ஞாபகம் வந்துவிடுகிறதா?

போகட்டும். என் கோபம் இருக்கட்டும். கருப்பசாமி வாசலில் நிற்கிறார்.

அவருக்கு எப்படித் தெரிந்தது? அந்தத் திங்கட்கிழமை ஆலை பஸ்ஸில் நான்கைந்து தூக்குச்சட்டியில் ராஜாக்கள் இருந்திருக்கிறார்கள். “எனக்குத்தான் பெரிய ராசா. எம் பொண்டாட்டி எனக்குன்னா பெருசாத்தான் செய்வா” என்று இவர் சட்டியைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். பஸ்ஸில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். சிரித்ததில் ஒருத்தி உளறிவிட்டாள். கேட்டில் இறங்கியவர் உள்ளே போகவில்லை. அடுத்த பஸ் பிடித்து நேராக இங்கே வந்துவிட்டார்.

“என்னைய மாடுன்னு ஊரு பூராம் ஒட்டி வச்சிட்டீகளே... நல்லாருப்பீகளா?” குரல் உடைந்தது. கோபத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது அதில். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் நகரவில்லை.

அண்ணாச்சி எழுந்து வந்தார். வாசலில் இருக்கிறவரையும் தூக்குச்சட்டியையும் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. “ஏம்மா... ஒண்ணுகூட வெளிய போகக் கூடாதுன்னு ஏஜென்ட் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே?”

“வெளிய போகலை அண்ணாச்சி. எல்லாம் பட்டாசு கம்பெனிக்கு உள்ளதான் போயிருக்கு” என்றேன்.

அதற்குள் கட்டிங் மெஷினை நிறுத்திவிட்டு முத்துமாரி வந்துவிட்டாள். என்னை விலக்கிக்கொண்டு முன்னால் நின்றாள். “அக்காவை ஏன் வையுதீக? ஒட்டுனது நான்.”

“ஏன்டி ஒட்டுன?”

“உள்ள என்ன சரக்கு இருக்கோ அதைத்தான வெளிய ஒட்டணும்? நான் பாக்குறது அந்த வேலைதான?”

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“குடிக்காத அன்னிக்கு நான் ஒட்டுனேனா? சொல்லுங்க. என்னிக்காச்சும் ஒட்டுனேனா?”

கருப்பசாமி தூக்குச்சட்டியைத் திண்டில் வைத்தார். “இப்பம் பாரு, கிழிச்சு எறியுதேன்” என்று லேபிளின் மூலையில் நகத்தை வைத்தார்.

நகம் வழுக்கியது. மறுபடி வைத்தார். வழுக்கியது. அவர் கை அப்படி ஆடிக்கொண்டிருந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முயன்றார். இரண்டு கையும் சேர்ந்து ஆடின. தூக்குச்சட்டியின் மூடி ‘கிண்கிண்’ என்று அடித்துக்கொண்டது. எங்கள் பிரஸ்ஸில் அந்த ஒரு சத்தம்தான் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டிக்கரின் மூலையைப் பிடிக்க முடியவில்லை அவரால்.

முத்துமாரி மெதுவாகச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. “இந்தக் கையோடதான் அங்கன போறீக.”

கருப்பசாமி தன் கையைப் பார்த்தார். முதல்முறையாகப் பார்க்கிறவர் போலப் பார்த்தார். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சிதான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து, டம்ளரை அவர் கையில் கொடுக்காமல், தானே பிடித்துக் குடிக்க வைத்தார். அதுவரை அண்ணாச்சியைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் ஏஜென்ட் போன் செய்தார். வெள்ளை லேபிள் நன்றாக இருக்கிறதாம். “பழசை எல்லாம் அழிச்சிட்டீங்கதானே?” என்று கேட்டார்.

அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். சன்னலுக்கு வெளியே நின்றிருந்த இரண்டு பெண்களையும் பார்த்தார். “எங்ககிட்ட ஒரு ராசா கூட மிச்சமில்ல சார்” என்றார். பொய் இல்லையே! கடைசிக் கட்டு மதியமே போய்விட்டது.

ஏஜென்ட் சார், நீங்கள் இந்தப் பத்திரிகையை வாசிப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. வாசித்தால் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ராஜாக்கள் அத்தனை பேரும் வெளியேதான் இருக்கிறார்கள். மன்னிப்பு இப்போதும் கிடையாது. தீபாவளிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, ராஜா தீர்ந்தால் நான் என் வீட்டுப் பிரின்டரிலேயே எடுத்துக்கொள்வேன்.

முத்துமாரி ஒட்டுவதை நிறுத்திவிட்டாளா? அது எப்படி நிறுத்துவாள்? ஒரு வித்தியாசம், இப்போது ஒளிவுமறைவு இல்லை. திங்கட்கிழமை காலையில் கருப்பசாமி குளித்துவிட்டு வந்து தூக்குச்சட்டியைத்தான் முதலில் பார்க்கிறாராம். முதல் வாரம் தேள் இருந்தது. ‘பரவாயில்ல’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் பெட்டி ஒட்டினாராம். அடுத்த வாரம் அவரே, ‘இது கொஞ்சம் பெரிய ராசா மாதிரித் தெரியுதே’ என்று பேரம் பேசினாராம். அவள் இறங்கவில்லை.

இதை எழுதப் போகிறேன் என்றதும், பெயரை மாற்றிவிடவா என்று அவளிடம் கேட்டேன். “எதுக்கு மாத்தணும்? நாங்க என்ன திருடுனமா? அப்படியே போடுங்க” என்றாள். அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு என்றேன். நேற்றுப் பதில் கொண்டுவந்தாள்.

“போடச் சொல்லிட்டாரு அக்கா. ஆனா இந்த வாரம் எந்த ராசான்னும் சேத்துப் போடணுமாம்.”

போட்டாச்சு அண்ணே... யெரொபெயாம். இருக்கிறதிலேயே சின்ன ராஜா!